தட்டோரத்துக் கறிவேப்பிலை

இலைகளுக்கு வாசனையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. வாசனை என்றால் அது பூவுக்கு மட்டும்தான். துளசியைக் கசக்கினாலும் வெறும் பச்சை வாடை, எலுமிச்சை இலையைக் கிழித்தாலும் அதே பச்சை வாடை. மரம், செடி, ஆடு, புழு, மனிதர் எல்லாரும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு எல்லாருக்கும் புரிந்ததால் சண்டையும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

வாசனை இல்லாவிட்டாலும் இலைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஆளுக்கு ஒன்று வைத்திருந்தன. அது எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் கேட்பீர்கள். உலகத்தைப் படைத்தவர் செடிகொடிகளை எல்லாம் கொல்லிமலை அடிவாரத்தில் வரிசையாக உட்கார வைத்து, கையில் வாளியோடு பந்தி பரிமாறினார். வேம்பு இரண்டு கையையும் ஏந்திக் கசப்பை வாங்கி வேர் வரைக்கும் நிரப்பிக்கொண்டது. எருக்கு பால் வாங்கியது. இலந்தை முள் வாங்கியது. செந்தட்டி அரிப்பை வாங்கிக்கொண்டு, வேலை செய்கிறதா என்று படைத்தவர் காலிலேயே உரசிப் பார்த்தது.

வேம்புக்கு அடுத்து அதன் தங்கை கருவேம்பு உட்கார்ந்திருந்தாள். இன்று நாம் கறிவேப்பிலை என்கிறோமே, அவள்தான். அன்றைக்கு அவளை யாரும் குழம்பில் போடவில்லை, அதனால் இந்தப் பெயரும் அப்போது இல்லை. கருவேம்புக்கு ஒரு பழக்கம். விருந்தில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் பக்கத்தில் வருவதற்குள்ளேயே இலையைக் கையால் மறைத்துப் "போதும், போதும்" என்பாள். நம் சொந்தக்காரர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. பந்தியில் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையதைக் கரைத்துக் குடிப்பார்கள்.

"கொஞ்சம் கசப்பு வைக்கட்டுமா?" என்றார் படைத்தவர்.

"போதுங்க."

"பால்?"

"அவங்களுக்கெல்லாம் மொதல்ல வைங்க."

"ரெண்டு முள்ளாச்சும் வாங்கிக்கோ தாயி."

"வயிறு நெறஞ்சு போச்சுங்க."

படைத்தவருக்கு அன்று பந்தி நீளம். கெஞ்சிக்கொண்டு நிற்க அவருக்கும் முடியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

மரியாதைக்கு வேண்டாம் என்று சொன்னவள் அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை. கசப்பு இல்லை, பால் இல்லை, முள் இல்லை, ஆனால் இலை மட்டும் நல்ல மிருதுவான இலை. மலையடிவாரத்தில் பல் இருந்தவர்களும் இல்லாதவர்களும் அவளிடம்தான் வந்தார்கள். வெட்டுக்கிளி ஓரத்தைக் கடித்தது, வண்டு நடுவில் ஓட்டை போட்டது, அசுவினிப் பூச்சி கொழுந்தில் உட்கார்ந்து உறிஞ்சியது. மிச்சத்தைப் பூஞ்சணம் பூசிக்கொண்டது. இத்தனைக்கும் மேலே கொம்பன் என்கிற வெள்ளாட்டுக் கிடா தினமும் முன்னங்காலைத் தூக்கி அவள் மேல் வைத்துக்கொண்டு, மாமியார் வீட்டில் சாப்பிடுகிற மாப்பிள்ளை மாதிரி நிதானமாகத் தின்றுவிட்டுப் போகும்.

ஒரு கோடையில் கருவேம்பிடம் கடைசியாக ஒரே ஒரு கொத்து இலைதான் மிஞ்சியது. அதுவும் போனால் வெயிலில் சாறு வற்றிப் பட்டுப்போக வேண்டியதுதான். அந்தக் கொத்தின் மேல் ஒரு புழு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் மொழுக்கி. கருப்பும் வெள்ளையும் கலந்து, பளபளவென்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பறவை எச்சம் போலவே இருப்பாள்.

"அடியே, நிறுத்து. அது என் கடைசிக் கொத்து" என்றாள் கருவேம்பு.

"தெரியுங்க்கா" என்றாள் மொழுக்கி, வாயை எடுக்காமல்.

"தெரிஞ்சுமா திங்கறே?"

"பசிக்குதே."

"இந்த மலையில வேற மரமே இல்லியா உனக்கு?"

"போயிப் பாத்துட்டேன். புங்க எலை தின்னா வாந்தி வருது. ஆவாரை தின்னா வயிறு வலிக்குது. எனக்கு ஒத்துக்கற ஒரே சாப்பாடு நீங்கதான்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா ஆபத்தாக எடுத்துக்கொள்வதா என்று கருவேம்புக்குத் தெரியவில்லை. "சரி, இதையும் தின்னுரு. நான் பட்டுப் போறேன். அப்பறம் நீ முட்டை வெச்சா உன் பிள்ளைங்க எதைத் திங்கும்?" என்று கேட்டாள்.

மொழுக்கியின் யோசனை அதுவரைக்கும் அடுத்த வாய்க்கு மேல் போனதில்லை. பிள்ளைகள் என்று கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினாள். ஒரு புழு இதைவிடப் பெரிதாகத் துக்கப்பட முடியாது.

"இப்ப என்னக்கா பண்றது?"

"மலை மேல புனுகுப் பூனை இருக்காரு. பூவுக்கெல்லாம் வாசனை வடிச்சுக் குடுக்கறவரு. அவர்கிட்டப் போய் என் கதையச் சொன்னா எனக்கும் எதாச்சும் குடுப்பாரு. எனக்குத்தான் காலில்ல. உனக்கு இத்தனை கால் இருக்கே."

"நான் எதுக்குப் போகணும்? எனக்கென்ன லாபம்?"

கருவேம்பு பெருமூச்சு விட்டாள். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொன்னாள். "நீ எனக்கு வழி பண்ணிக் குடுத்தீன்னா, இனிமே என் எலையத் திங்கற உரிமை உனக்கும் உன் வம்சத்துக்கும் மட்டுந்தான். வேற ஒரு வாய்க்குக் குடுக்க மாட்டேன். என் வேர் மேல சத்தியம். தவறினா வேர் காய்ஞ்சு போகட்டும்."

அந்தக் காலத்தில் மரங்கள் வேர் மேல் சத்தியம் செய்தால் அது பலிக்கும். மொழுக்கிக்கும் அது தெரியும். வழிச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு இலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். எந்தக் கக்கத்தில் என்று கேட்காதீர்கள்.

புழு நடக்கிற நடையில் மலை ஏறினால் வாழ்க்கை முடிந்துவிடும். எனவே மொழுக்கி, மலைக்கு மேயக் கிளம்பிய கொம்பனின் தாடியில் தொற்றிக்கொண்டாள். கொம்பன் பாதி வழியில்தான் கவனித்தது.

"யாரு தாடியில?"

"நாந்தாண்ணே, மொழுக்கி. மேல அத்தை வீட்டுக்குப் போறேன்."

"அப்படியா. கருவேம்பு எப்படியிருக்கா? துளிர் விட்டாளா?"

"விட்டா சொல்றேண்ணே" என்றாள் மொழுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வழியில் ஒரு கரிச்சான் குருவி பறந்து வந்து கொம்பனின் முதுகில் உட்கார்ந்தது. தாடிப் பக்கம் எட்டிப் பார்த்தது. மொழுக்கி உடம்பைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். கரிச்சான் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்துவிட்டு, "சீச்சீ, நமக்கு முன்னாடியே யாரோ இருந்துட்டுப் போயிருக்காங்க" என்று முகத்தைச் சுளித்துப் பறந்துவிட்டது. மொழுக்கிக்கு அது பெரிய அவமானம்தான். ஆனால் அவமானப்பட ஆள் மிஞ்சியிருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் புனுகுப் பூனையின் குகைக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே அடுப்பின் மேல் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வாயை மூடியபடி மேலே குளிர்ந்த தண்ணீர் நிறைந்த இன்னொரு பானை. கீழே இருந்து எழும்புகிற ஆவி மேல்பானையின் அடிவயிற்றில் பட்டு வியர்த்து, ஒரு மூங்கில் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. புனுகுப் பூனை ஒவ்வொரு சொட்டையும் முகர்ந்து பார்த்து, ஒன்றுக்குத் தலையாட்டி ஒன்றுக்குத் தும்மிக்கொண்டிருந்தார். தன்னை 'நாம்' என்று சொல்லிக்கொள்கிற பெரிய மனுஷன்.

மொழுக்கி கதையை எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார். "நம்மகிட்ட ரெண்டு வகை இருக்கு. வரச் சொல்ற வாசனை, போகச் சொல்ற வாசனை. மல்லிகைக்கு வரச் சொல்றதக் குடுத்தோம். உங்க கருவேம்புக்கு எது வேணும்?"

"போகச் சொல்றதுங்க. ஆனா நான் மட்டும் வரணும்."

புனுகுப் பூனை கரண்டியைக் கீழே வைத்தார். "வாசனைக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு இருக்கு. ஒரே வாசனை எல்லா மூக்குலயும் ஒரே பேச்சப் பேசாது. நம்ம வாசனையவே எடுத்துக்கோ. நமக்கு அது சொர்க்கமா இருக்கு. நேத்து வந்த கீரிப்பிள்ளை வாசல்லயே மயங்கி விழுந்துட்டான். அதனால யார் யார் மூக்குன்னு சொல்லு. மூக்குக்கு ஒரு சொட்டுன்னு கலந்து தர்றோம்."

"மொதல்ல ஆடுங்க. கொம்பன்னு ஒருத்தன்."

"தொண்டையப் பிடிக்கற மாதிரி குங்கிலியப் பிசின் நெடி" என்று ஒரு சொட்டு விட்டார்.

"வெட்டுக்கிளி."

"மிளகுக் கொடியோட காரம்."

"வண்டு, அசுவினி."

"அதுக்குக் கற்பூரக் குளிர்ச்சி, இதுக்கு நாரத்தைத் தோலோட வெடுக்கு."

"பூஞ்சணம். ஆனா அதுக்கு மூக்கே இல்லீங்களே?"

"அது ஒடம்பு பூரா மூக்கு. கிராம்போட உறைப்பக் காட்டினா ஒட்டவே ஒட்டாது. சரி, உனக்கு எப்படி இருக்கணும்?"

"பாத்தவுடனே பசிக்கணுங்க."

"பாக்காமயே உனக்குப் பசிக்கும்போல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் கடைசியாக ஒரு சொட்டு விட்டார். கலவையைச் சுற்றிவிட்டு, குலுக்கப் போகும் நேரத்தில் கையை நிறுத்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற மூக்கு ஏதாச்சும் விட்டுப்போச்சா? ஒரு தடவை கலந்துட்டா நம்மாலயே பிரிக்க முடியாது."

மொழுக்கி கண்ணை மூடிக்கொண்டு அந்த மரத்தைக் கடித்தவர்கள், உறிஞ்சியவர்கள், சுரண்டியவர்கள் எல்லாரையும் மனதில் நிறுத்திப் பார்த்தாள். ஒருவரும் விட்டுப்போகவில்லை. மனிதர்கள் அந்த மரத்துக்குக் கீழே நடந்து போயிருக்கிறார்கள், நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒருநாளும் ஒரு இலையைக் கடித்ததில்லை. கடிக்காதவன் மூக்கைப் பற்றி ஒரு புழுவுக்கு எப்படித் தோன்றும்?

"அவ்வளவுதாங்க" என்றாள்.

அவர் குலுக்கிவிட்டார். இந்தக் கதையில் நடந்த வினை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நடந்ததுதான்.

எண்ணெயை ஒரு நத்தை ஓட்டில் ஊற்றி, தேன்மெழுகால் வாயை அடைத்துக் கொடுத்தார். "இது காத்தக் கண்டா ஓடிப்போற ஜாதி. தெறந்து வெச்சா சாயங்காலத்துக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. எலைக்குள்ள சின்னச் சின்னப் பையா வெச்சு மூடிக்கச் சொல்லு. யாராவது கடிச்சா, கசக்கினா மட்டும் பை ஒடையணும். நாமளும் அப்படித்தான் ஒரு பையில வெச்சிருக்கோம்."

"எங்கேங்க?" என்று மொழுக்கி ஆர்வமாக எட்டிப் பார்த்தாள்.

புனுகுப் பூனை வாலைச் சட்டென்று இறக்கிக்கொண்டார். "அதெல்லாம் உனக்கெதுக்கு?"

கொம்பன் மறுபடியும் மலைக்கு மேய வரும்வரை மொழுக்கி அந்தக் குகையிலேயே தங்கி, சுருட்டிக் கொண்டுவந்த இலையைத் தின்றாள். தின்றதில் உடம்பு பெருத்துத் தோல் கிழிந்தது. பழைய தோலைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருந்தாள். அழகுதான், ஆனால் இனிமேல் எந்தக் குருவியும் அவளைப் பார்த்துச் சீச்சீ என்று சொல்லாது. அதை நினைத்து அவள் நடுங்குவதைப் பார்த்துப் புனுகுப் பூனைக்கே மனசு கேட்கவில்லை. மீதி எண்ணெயில் கொஞ்சம் எடுத்து அவள் பின்கழுத்தில் ஒரு பையில் வைத்து அனுப்பினார். திரும்பி வரும் வழியில் அதே கரிச்சான் கொத்த வந்தது. மொழுக்கியின் தலைக்குப் பின்னால் இருந்து இரண்டு சிவப்புக் கொம்புகள் எழும்பின, அதோடு ஒரு நாற்றமும் எழும்பியது. கரிச்சான் அந்த மலைப் பக்கமே கொஞ்ச காலம் வரவில்லை.

கருவேம்பு புனுகுப் பூனை சொன்னபடியே செய்தாள். துளிர்க்கிற ஒவ்வொரு இலையிலும் ஊசிக்கண் அளவுக்குப் பை வைத்து, பைக்குள் எண்ணெயை வைத்து மூடினாள். சந்தேகம் இருந்தால் நல்ல இலையாக ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும்.

முதலில் வந்தது கொம்பன். வழக்கம்போல முன்னங்காலைத் தூக்கி மேலே வைத்து ஒரு வாய் கடித்தது. மென்றது. கண் இரண்டும் வெளியே வந்தன. தொண்டையைக் கனைத்தது, தும்மியது, பின்னால் நாலடி எடுத்துவைத்து மறுபடியும் தும்மியது.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"போதுமாண்ணே, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள் கருவேம்பு. பந்தி பரிமாறுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வெட்டுக்கிளி ஒரே கடியில் தாண்டிப் போனது. வண்டு மயங்கி விழுந்து, எழுந்து, வேறு ஊர் பார்த்துப் போனது. அசுவினி கூட்டத்தோடு காலி செய்தது. பூஞ்சணம் பக்கத்தில் வரவே இல்லை. மொழுக்கி ஒருத்திதான் உட்கார்ந்து ஆற அமரத் தின்றாள். தின்று கொழுத்து, ஒரு குச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டு கூடு கட்டித் தூங்கப் போனாள். "நான் எந்திரிச்சு வந்து உங்ககிட்டத்தான் முட்டை வெப்பேன். சத்தியத்த மறந்துராதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

கருவேம்பு கறுத்துத் தழைத்து நின்றாள். அப்போதுதான் செல்லாண்டி வந்தாள்.

செல்லாண்டி அடிவாரத்து ஊர்க்காரி. கொம்பன் அவளுடைய ஆடுதான். அவள் சமையலில் உப்பு இருக்கும், காரம் இருக்கும், வாசனை மட்டும் இருக்காது. அந்தக் காலத்தில் யார் வீட்டுச் சமையலிலும் வாசனை கிடையாது, அதனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் புருஷன் காளியண்ணன் தினமும் கூழை வாங்கிக் கண்ணை மூடிக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். ருசி பார்த்தால் குடிக்க முடியாது என்பது அவன் கண்டுபிடிப்பு.

அன்று கொம்பன் அடுத்தவன் கம்பங்காட்டில் புகுந்துவிட்டது. ஆட்டை விரட்டக் கையில் குச்சி இல்லை. செல்லாண்டி பக்கத்தில் இருந்த கருவேம்பில் ஒரு கிளையை ஒடித்து, நுனியைப் பிடித்து இலைகளை ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டு ஓடினாள். ஆட்டைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தபோது உச்சி வெயில். காளியண்ணன் பசியோடு வாசலில் நின்றான். அவசரத்தில் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கம்மங்கூழில் மோரை ஊற்றிக் கரைத்துக் கொடுத்தாள். கழுவாத கை என்பது நமக்குள் இருக்கட்டும்.

காளியண்ணன் கண்ணை மூடிக் குடித்தான். பாதியில் கண்ணைத் திறந்தான்.

"ஏ புள்ள, இன்னைக்கு என்ன போட்டே?"

"மோருங்க. தெனமும் ஊத்தறதுதான்."

"இல்ல. என்னமோ போட்டிருக்கே."

கலயத்தை முகர்ந்து பார்த்தான், மோர்ப்பானையை முகர்ந்தான், கடைசியில் அவள் கையைப் பிடித்து முகர்ந்தான். முகர்ந்தவன் விடவில்லை. பட்டப்பகலில், தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்க, பெண்டாட்டி கையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படி நின்றதில்லை. செல்லாண்டிக்கு வெட்கம் ஒரு பக்கம், யோசனை ஒரு பக்கம்.

மறுநாள் காலையிலேயே அவள் மரத்தடியில் நின்றாள். "அம்மிணி, ஒரு கொத்து எடுத்துக்கட்டுமா?"

கருவேம்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்டு எடுத்ததில்லை. பழைய பழக்கம் சும்மா இருக்குமா? பந்தியில் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, வீடு தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்றாள். சத்தியம் நினைவுக்கு வந்தது. ஒரு கொத்துதானே என்று அதை ஒதுக்கி வைத்தாள்.

ஒரு கொத்தோடு போகுமா? காளியண்ணன் கை முகர்ந்த கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எல்லா வீட்டுக்காரியும் வந்தாள். கூழில் போட்டார்கள், காய்ந்த எண்ணெயில் போட்டார்கள், துவையல் அரைத்தார்கள், வறுத்துப் பொடித்துத் தின்றார்கள். வெறும் வாயில் மென்றவர்களும் உண்டு. ஆட்டைப் போகச் சொன்ன வாசனை, வண்டைப் போகச் சொன்ன வாசனை, மனிதர் மூக்கில் ஏறி வா வா என்றது. கொம்பன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. "நான் தின்னப்ப என்னையத் திட்டினே. நானாச்சும் குச்சிய விட்டுட்டுப் போனேன்" என்றது.

கருவேம்பு மறுபடியும் ஒற்றைக் கொத்தோடு நின்றாள். இந்த முறை அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பூமிக்கு அடியில் அவளுடைய வேர் நுனி காய ஆரம்பித்தது. சத்தியம் தன் வேலையைச் செய்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கருப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து கடைசிக் கொத்தின் மேல் உட்கார்ந்தது. மொழுக்கிதான். வயிறு நிறைய முட்டை.

"அக்கா, என்னக்கா இது? மொட்டையா நிக்கறீங்க?"

கருவேம்பு மொட்டைக் கிளைகளை ஒன்றோடொன்று ஒடுக்கிக்கொண்டாள்.

"வேர் மேல சத்தியம் பண்ணீங்களே. இந்த முட்டைய நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்? புங்கன்லயா, ஆவாரையிலயா? பொரிஞ்ச அன்னைக்கே செத்துருமே" என்றாள் மொழுக்கி.

"மனுசங்க வந்து கேட்டாங்கடி. அவங்களுக்கு இந்த வாசனை பிடிச்சுப் போச்சு."

மொழுக்கி சிறகை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனுச மூக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லு என்று அந்தப் பெரியவர் படித்துப் படித்துச் சொன்னாரே. "அது என் தப்புக்கா. உங்க தப்பு, கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தது" என்றாள். தப்பைச் சரியாகப் பங்கு பிரிப்பதில் அவள் கெட்டிக்காரி.

அப்போது செல்லாண்டி கூடையோடு வந்தாள். நேரே வந்து கடைசிக் கொத்தின் மேல் கையை வைத்தாள். "அம்மிணி, எடுத்துக்கறேன்."

கருவேம்பு வாயைத் திறந்தாள். 'எடுத்துக்குங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கீழே வேர் சுருங்கியது. மேலே மொழுக்கியின் வயிறு கனத்தது.

"மாட்டேன்" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னதால் குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. செல்லாண்டி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அக்கா வேம்பு தூக்கம் கலைந்து திரும்பிப் பார்த்தது. கருவேம்பு நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பந்தியில் மறுத்தது, மொழுக்கி மலைக்குப் போனது, சத்தியம் செய்தது, இப்போது வேர் காய்வது. "கேக்கறப்ப இல்லைன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதுக்காக இவ பிள்ளைங்களப் பட்டினி போட முடியாது" என்று முடித்தாள்.

செல்லாண்டிக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் வீட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கூழ் குடிக்கப் பழகிவிட்ட புருஷன் இருக்கிறான். அவனை மறுபடியும் கண்ணை மூடச் சொல்ல முடியுமா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அம்மிணி, நீங்க என்னன்னு சத்தியம் பண்ணீங்க? திங்கறதுக்கு வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னுதானே? மோந்து பாக்கறதுக்கு?"

"அதப் பத்தி ஒண்ணும் பேசல."

"அப்பச் சரி. எங்களுக்கு எலை வேண்டாம். வாசனை போதும். வீட்டுக்கு ஒரு கொத்துதான் எடுப்போம், அதுவும் நீங்க நல்லாத் தழைச்ச பின்னாடி. காய்ஞ்ச எண்ணெயில போட்டா வாசனை எண்ணெய்க்குப் போயிருது, நான் பாத்திருக்கேன். எலைய எடுத்து ஓரமா வெச்சர்றோம். கடிக்க மாட்டோம்."

"ஓரமா வெச்சா அது யாருக்கு?" என்றாள் மொழுக்கி சந்தேகமாக.

"உனக்குத்தான். நீ வந்து எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. உன் பங்கு அது. நாங்க தொட மாட்டோம்." செல்லாண்டி குனிந்து மரத்தடி மண்ணைத் தொட்டாள். "என் அடுப்பு மேல சத்தியம். புழு இருக்கற கொத்துல கை வெக்க மாட்டேன். சும்மாவும் வாங்கிக்க மாட்டேன், வீட்டுல புளிச்ச மோர் மிஞ்சினா உங்க வேர்ல கொண்டுவந்து ஊத்தறேன்."

அன்று சாயங்காலம் முதல் கலயம் மோர் வேரில் இறங்கியது. காய்ந்த நுனி நனைந்து மெல்லத் திரும்பவும் உயிர் பிடித்தது. மொழுக்கி கடைசிக் கொத்தின் இலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவைத்துவிட்டு, திருப்தியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பறந்து போனாள்.

மரம் தழைக்கும்வரை காளியண்ணன் பழையபடி கண்ணை மூடித்தான் குடித்தான். தழைத்த பிறகு செல்லாண்டி முதல் கொத்தை எடுத்துத் தாளித்து மோர்க்குழம்பு வைத்தாள். காளியண்ணன் கண்ணை அகலத் திறந்து சாப்பிட்டான். சோற்றுக்கு நடுவில் ஒரு இலை மொறுமொறுவென்று கிடந்தது. அவள் பார்க்காத நேரமாக அதை வாய்க்குக் கொண்டுபோனான். செல்லாண்டியின் கரண்டிக் காம்பு அவன் கையில் அடியாக வந்து விழுந்தது.

"அது நம்முளுது இல்லீங்க. ஓரமா வைங்க."

"இத்துனூண்டு எலைதானே புள்ள?"

"வாக்குக் குடுத்திருக்கேன்."

அவன் ஓரமாக வைத்தான். அவன் பிள்ளைகளும் வைத்தார்கள், அக்கம்பக்கத்து வீடுகளும் வைத்தன. ஏன் வைக்கிறோம் என்பது நாளடைவில் எல்லாருக்கும் மறந்துபோனது. வைக்கிற கை மட்டும் மறக்கவில்லை.

இப்போது சிலர் கோபம் வந்தால், "என்னைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிட்டாங்க" என்று அழுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சலாக வரும். அது அவமானம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? இன்னும் சிலர், இலையைத் தின்றால் தலைமுடிக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது என்கிறார்கள். தின்னுங்கள், சத்தியம் செய்தது செல்லாண்டிதானே, நீங்கள் இல்லையே. ஆனால் வாயில் போடுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், கருப்பும் மஞ்சளுமாக யாராவது பறக்கிறார்களா என்று.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கறிவேப்பிலையின் வாசனையை நாம் எடுத்துக்கொண்டு இலையைத் தட்டின் ஓரத்தில் வைப்பது. அது மொழுக்கியின் பிள்ளைகளுக்கு வைத்த பங்கு.